கரைந்துவிடும் ஸ்டென்ட்டை அப்பாவுக்கு வைக்கலாமா?

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் சுங்கை சிப்புட் வட்டாரத்து வாசகர்கள் பலர் இதயக் குழாய் அடைப்பைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், இந்தப் பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64. பல ஆண்டுகள் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் படி ஏறினாலே நெஞ்சை அழுத்துகிறது என்று சொன்னதால் மாத்திரைகள் கொடுத்துப் பார்த்தார்கள், அழுத்தம் குறையவில்லை. ஈப்போவில் ஆஞ்சியோகிராம் எடுத்தபோது இடப்பக்க முன்குழாயில் 80 விழுக்காடு அடைப்பு இருப்பது தெரிந்தது. ஸ்டென்ட் (குழாயை விரித்துத் தாங்கும் சிறு வலைக்குழாய்) வைக்க வேண்டும் என்றார்கள். இதற்கிடையில் தமிழ்நாட்டிலுள்ள என் சித்தப்பா, "இரும்பை ஏன் உடம்பில் வைக்கிறீர்கள்? தானே கரைந்துவிடும் ஸ்டென்ட் வந்துவிட்டது, அதைக் கேளுங்கள்" என்று சொல்லி ஒரு காணொளியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதைப் பார்த்த அப்பா, கரையும் ஸ்டென்ட் கிடைத்தால்தான் வைத்துக்கொள்வேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். அதற்காகக் காத்திருக்கலாமா? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: காத்திருக்க வேண்டாம், அம்மா. மருந்து பூசிய உலோக ஸ்டென்ட்தான் இன்றைக்கு மிக அதிகமான ஆய்வுகளில் தேறிய சிகிச்சை. உங்கள் சித்தப்பா இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை. கரையும் ஸ்டென்ட் உண்மையிலேயே இருக்கிறது; பல நாடுகளில் பல்லாயிரம் பேருக்கு வைக்கப்பட்டும் இருக்கிறது. ஆனால் அதற்குப் பின் நடந்ததை அந்தக் காணொளி சொல்லியிருக்காது என்றே நினைக்கிறேன். காரணம் தெரியாமல் அப்பாவின் மனம் மாறாது என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன். இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

1977ஆம் ஆண்டு சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர், நெஞ்சைத் திறக்காமல், மெல்லிய குழாய் வழியாக ஒரு சிறு பலூனைச் செலுத்தி இதயக் குழாயின் அடைப்பை முதன்முதலாக விரித்தார். ஆனால் பலூனால் மட்டும் விரித்த குழாய், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்திற்குள் மறுபடியும் சுருங்கிவிட்டது. சுருங்காமல் தாங்கிப் பிடிப்பதற்காக 1986இல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் மருத்துவர்கள் ஓர் உலோக வலைக்குழாயை உள்ளே வைத்தார்கள். அதுதான் ஸ்டென்ட். அந்த வலைக்குள்ளேயும் தசை வளர்ந்து வழியை அடைத்துக்கொள்வது தெரிந்தபின், அவ்வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தைப் பூசிய ஸ்டென்ட்டுகள் 2002, 2003ஆம் ஆண்டுகளில் புழக்கத்துக்கு வந்தன. உங்கள் அப்பாவுக்கு வைக்கப்போவதும் பெரும்பாலும் இந்த வகையின் இன்றைய வடிவமாகத்தான் இருக்கும்.

கரையும் ஸ்டென்ட்டைத் தேடியவர்கள் சொன்ன காரணமும் நியாயமானதே. விரிக்கப்பட்ட குழாய் ஆறி நிலைபெறுவதற்குச் சில மாதங்கள்தான் தாங்கல் தேவை. அதற்குப் பிறகு உலோகத்துக்கு அங்கே வேலையில்லை என்றாலும் அது ஆயுள் முழுவதும் அங்கேயே இருக்கிறது. அந்த இடத்தில் குழாய் இயல்பாக விரிந்து சுருங்க முடிவதில்லை. பின்னாளில் பைபாஸ் அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் உலோகம் உள்ள பகுதியில் தையல் போடுவது கடினம். முதல் ஆண்டு கடந்த பிறகும் ஆண்டுதோறும் நூற்றில் இரண்டு பேருக்கு ஸ்டென்ட் இருக்கும் இடத்திலேயே புதிதாகச் சிக்கல் வருகிறது. வேலை முடிந்ததும் மறைந்துவிடும் ஒன்றைச் செய்ய முடிந்தால் இவை எல்லாம் நீங்கும் என்று நம்பினார்கள். ஜப்பானில் 1990களின் இறுதியிலேயே இத்தகைய ஸ்டென்ட்டை மனிதர்களுக்கு வைத்துப் பார்த்தார்கள்.

பெரிய அளவில் உலகெங்கும் விற்பனைக்கு வந்தது அபோட் நிறுவனத்தின் 'அப்சார்ப்'. அது பாலிலாக்டிக் அமிலத்தால் ஆனது; அறுவை சிகிச்சையில் பயன்படும் கரையும் தையல் நூல்களின் இனத்தைச் சேர்ந்த பொருள். உடலின் ஈரத்தில் அது கொஞ்சங்கொஞ்சமாகச் சிதைந்து லாக்டிக் அமிலமாகி, முடிவில் கரியமில வாயுவும் நீருமாக வெளியேறிவிடும். இதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016 ஜூலையில் அதற்கு அனுமதி கொடுத்தது. ஆனால் 2017 மார்ச்சில் அதே துறை மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது; அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனமே விற்பனையை நிறுத்திக்கொண்டது.

எச்சரிக்கைக்குக் காரணமான கணக்கு இதுதான். 2,008 நோயாளிகளைக் கொண்ட ஆய்வில், இரண்டு ஆண்டுகள் முடிந்தபோது, ஸ்டென்ட் வைத்த இடத்தால் மாரடைப்பு, மறுசிகிச்சை, இதய மரணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு ஆளானவர்கள் கரையும் ஸ்டென்ட் பெற்றவர்களில் 11 விழுக்காடு. உலோக ஸ்டென்ட் பெற்றவர்களில் 7.9 விழுக்காடு. ஸ்டென்ட்டுக்குள் திடீரென்று இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது கரையும் வகையில் 1.9 விழுக்காட்டினருக்கு, உலோக வகையில் 0.8 விழுக்காட்டினருக்கு. நெதர்லாந்தில் 1,845 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில் இந்த உறைவு 3.5 விழுக்காடும் 0.9 விழுக்காடுமாக இருந்தது. எண்ணிக்கை சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைவதென்றால், நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவருக்குச் சில நிமிடங்களில் பெரிய மாரடைப்பு வருவது என்று பொருள். அதில் உயிர் தப்பாதவர்கள் பலர்.

நல்ல நோக்கத்தோடு செய்த ஒன்று ஏன் இப்படி ஆயிற்று? உலோகத்தைப் போன்ற வலு அந்தப் பொருளுக்கு இல்லை. எனவே அதே தாங்கும் சக்தியைப் பெற வலையின் கம்பிகளைத் தடிமனாகச் செய்ய வேண்டியிருந்தது. இன்றைய நல்ல உலோக ஸ்டென்ட் ஒன்றின் கம்பி ஏறத்தாழ 80 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் பருமன். அப்சார்ப்பின் கம்பியோ 150 மைக்ரானுக்கும் சற்று அதிகம். மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாயில் இந்த வேறுபாடு பெரிது. தடித்த கம்பிகள் இரத்த ஓட்டத்தின் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும்போது அவற்றின் ஓரங்களில் ஓட்டம் சுழன்று தேங்குகிறது. தேங்கும் இடத்தில் உறைகிறது. அதோடு, குழாயின் சுவரில் சரியாக ஒட்டாமல் நின்ற கம்பிகள், சிதையும் காலத்தில் உடைந்து குழாயின் நடுவிலேயே தொங்கின. பிரச்சினை முதல் மாதத்தில் மட்டுமல்லாமல் இரண்டாம், மூன்றாம் ஆண்டிலும் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2.25 மில்லிமீட்டருக்கும் குறுகிய குழாய்களில் நிலைமை மேலும் மோசமாக இருந்தது.

இந்தக் கடைசிச் செய்தி நம்மவர்களுக்கு மிகவும் முக்கியம். நீண்ட காலம் நீரிழிவு உள்ளவர்களுக்குக் குழாய் ஓரிடத்தில் மட்டும் அடைபடாமல், நெடுகிலும் மெலிந்து குறுகிவிடுவதுண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு. தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர்களில் எத்தனை பேருக்கு இது இருக்கிறது என்பதை என் கிளினிக்கில் அன்றாடம் காண்கிறேன். அப்படிப்பட்ட குறுகிய குழாய்க்குள் தடித்த கம்பியை வைப்பது எந்த மருத்துவரும் விரும்பிச் செய்யக் கூடிய காரியமன்று.

முயற்சி அத்தோடு நின்றுவிடவில்லை. பயோட்ரோனிக் நிறுவனத்தின் மக்னீசிய ஸ்டென்ட் 2016இல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. அதிலுள்ள மக்னீசியம் ஓராண்டுக்குள் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. அதன் அடுத்த வடிவத்துக்கு 2024இல் அனுமதி கிடைத்தது. அதை இன்றைய மருந்து பூசிய உலோக ஸ்டென்ட்டோடு நேருக்கு நேர் ஒப்பிடும் பெரிய ஆய்வும் மேற்கொள்ளப்பட்டிருக்கிறது. உங்கள் சித்தப்பா பார்த்தது ஒருவேளை குஜராத்தின் வாபியிலுள்ள மெரில் நிறுவனத்தின் 100 மைக்ரான் கம்பி கொண்ட ஸ்டென்ட்டாக இருக்கலாம். மெல்லிய கம்பி வரவேற்கத்தக்கதே. ஆனால் அதன் முதல் ஆய்வு 108 பேரிடம்தான் நடந்தது. அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, பல்லாயிரம் பேரிடம் பல ஆண்டுகள் சோதிக்கப்பட்ட ஒன்றை ஒதுக்கிவிட முடியாது. ஐரோப்பிய இதய மருத்துவச் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல், கரையும் ஸ்டென்ட்டுகளை மருத்துவ ஆய்வுக்கு வெளியே பயன்படுத்த வேண்டாம் என்றே கூறியது. அவசரப்பட்டுச் சொல்லப்பட்ட கருத்தல்ல அது. நான் மேலே சொன்ன கணக்குகளைப் பார்த்த பிறகு எடுத்த முடிவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாரடைப்பு வராமல், நடக்கும்போது மட்டும் நெஞ்சு அழுத்தும் நிலையில் உள்ளவர்களுக்கு, ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்தால்தான் உயிர் நிலைக்கும் என்பது இல்லை. 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், மருந்துகளோடு தொடங்கியவர்களுக்கும் உடனே இச்சிகிச்சை பெற்றவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் வேறுபாடு தெரியவில்லை. இடப்பக்க முதன்மைக் குழாயில் (அப்பாவின் முன்குழாய் இதிலிருந்து பிரிவது) அடைப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். சிகிச்சையால் தெளிவாகக் கிடைத்த நன்மை, நெஞ்சு அழுத்தம் குறைந்து நிம்மதியாக நடமாட முடிந்ததே. மாத்திரை சாப்பிட்டும் அப்பாவால் படி ஏற முடியவில்லை என்பதால்தான் ஸ்டென்ட் வைக்கச் சொல்லியிருப்பார்கள். ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டியது எந்த ஸ்டென்ட் என்பதை அல்ல. "அப்பாவின் குழாய் எவ்வளவு அகலம், இந்த அடைப்புக்கு ஸ்டென்ட் போதுமா, பைபாஸ் தேவைப்படுமா, மாத்திரைகளை எத்தனை மாதம் விடாமல் சாப்பிட வேண்டும்" என்பவற்றைக் கேளுங்கள். காத்திருக்கும் நாள்களில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே அழுத்தம் வந்தாலோ, வியர்வையோடு 15 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, உடனே 999க்கு அழையுங்கள். மகனோ மருமகனோ வேலையிலிருந்து வந்து காரில் ஏற்றிப் போகட்டும் என்று பொறுத்திருக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 2015இல் தனியார் மருத்துவமனை ஒன்றில் கரையும் ஸ்டென்ட் வைத்தார்கள். அது விற்பனையிலிருந்து நீக்கப்பட்டதாக இப்போதுதான் அறிந்தேன். தூக்கம் வரவில்லை. அதை எடுத்துவிட முடியுமா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: எடுப்பதற்கு அங்கே ஏதும் இல்லை, ஐயா. அது கரைந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். இன்று உங்களுக்கு ஆஞ்சியோகிராம் எடுத்தால், ஸ்டென்ட்டின் இரு முனைகளிலும் அடையாளத்துக்காகப் பதித்த மிகச் சிறிய பிளாட்டினப் புள்ளிகள் மட்டும் தெரியும். நான் முன்பு குறிப்பிட்ட 2,008 பேர் ஆய்வை ஐந்தாண்டு வரை தொடர்ந்தபோது, கூடுதல் ஆபத்து முதல் மூன்று ஆண்டுகளோடு முடிந்துவிட்டதையும், அதன்பிறகு இரண்டு வகையினருக்கும் பெரிய வேறுபாடு இல்லாததையும் கண்டார்கள். அபாயகரமான காலத்தை நீங்கள் எப்போதோ கடந்துவிட்டீர்கள். ஆனால் உங்கள் மற்றக் குழாய்களைப் பற்றி அந்த ஸ்டென்ட் எந்த உறுதியும் கொடுக்கவில்லை. ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றை வழக்கம்போல் கவனித்து வாருங்கள். அடுத்த முறை போகும்போது 2015ஆம் ஆண்டின் ஸ்டென்ட் அட்டையை மருத்துவரிடம் காட்டி, கோப்பில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: உலோக ஸ்டென்ட் துருப்பிடிக்காதா? எம்ஆர்ஐ எடுக்கலாமா? விமான நிலையச் சோதனையில் ஒலிக்குமா? (வாசகர், கோல கங்சார் சாலை)

பதில்: துருப்பிடிக்காது. இன்றைய ஸ்டென்ட்டுகள் பெரும்பாலும் கோபால்ட், குரோமியம் அல்லது பிளாட்டினம், குரோமியம் கலந்த உலோகத்தால் ஆனவை. சில மாதங்களில் குழாயின் உட்தோல் அதன் மேல் வளர்ந்து மூடிவிடும். எம்ஆர்ஐ எடுக்கலாம், எடுக்குமுன் ஸ்டென்ட் அட்டையைக் காட்ட வேண்டும். விமான நிலையத்தில் ஒலிக்காது.

கேள்வி: என் கணவருக்கு மூன்று மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து உலோக ஸ்டென்ட் வைத்தார்கள். இரத்தம் உறையாமலிருக்கக் கார்டிப்ரினும் (ஆஸ்பிரின்) குளோபிடோகிரெலும் சாப்பிடுகிறார். கையில் ஆங்காங்கே நீலம் பாரிக்கிறது, பல் துலக்கும்போது இரத்தம் கசிகிறது. ஒரு பல்லையும் பிடுங்க வேண்டியிருக்கிறது. "இரத்தம் தண்ணீராகிவிட்டது, கொஞ்ச நாள் நிறுத்திவிட்டுப் பூண்டு மாத்திரை சாப்பிடு" என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: இந்தக் கடிதத்துக்குத்தான் முதலில் பதில் எழுத உட்கார்ந்தேன். தயவுசெய்து ஒரு வேளைகூட நிறுத்தவிடாதீர்கள், தங்கை.

அண்மையில் ஓர் அம்மா தம் கணவரை அழைத்து வந்து, பிளாஸ்டிக் பையில் இருந்த மருந்துகளை என் மேசைமேல் கவிழ்த்தார். நீரிழிவு மாத்திரை அட்டைகள் காலியாக இருந்தன. கொழுப்பு மாத்திரையில் பாதி தீர்ந்திருந்தது. குளோபிடோகிரெல் அட்டைகள் மட்டும் ரப்பர் வளையம் போட்டபடி, ஒரு குமிழும் அமுக்கப்படாமல் இருந்தன. அந்தக் கட்டுக்குள்ளேயே ஸ்டென்ட் வைத்த தேதி எழுதிய அட்டையும் செருகப்பட்டிருந்தது. தேதியைப் பார்த்தபோது எனக்குப் பதறியது. "வயிறு எரிந்தது, அதனால் அதை மட்டும் விட்டுவிட்டேன்" என்றார் அவர். நல்ல வேளையாக அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றே இதயப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லி மாத்திரையைத் தொடங்கினோம்.

ஸ்டென்ட் எந்தப் பொருளால் ஆனது என்று குடும்பமே உட்கார்ந்து விவாதிக்கிறது. அதில் இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை யாரும் கவனிப்பதில்லை. உட்தோல் வளர்ந்து மூடும்வரை ஸ்டென்ட்டின் கம்பிகள் இரத்தத்துக்கு அந்நியப் பொருள்தான். அந்தக் காலத்தில் இரண்டு மாத்திரைகளும் சேர்ந்தே உறைவைத் தடுக்கின்றன. மாரடைப்புக்குப் பின் வைத்த ஸ்டென்ட் என்றால் வழக்கமாக 12 மாதம், மாரடைப்பு இல்லாமல் வைத்தது என்றால் வழக்கமாக 6 மாதம் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். இரத்தக் கசிவு அபாயம் மிகுந்தவர்களுக்கு இதயமருத்துவர் காலத்தைக் குறைப்பதுண்டு; ஆனால் அந்த முடிவை அவர்தான் எடுக்க வேண்டும்.

நீலம் பாரிப்பதும் ஈறில் சிறிது கசிவதும் மாத்திரை வேலை செய்வதன் அடையாளங்கள். மென்மையான தூரிகையால் பல் துலக்கச் சொல்லுங்கள். மலம் கருமையாகத் தார்போலப் போனாலோ, இரத்த வாந்தி வந்தாலோ, திடீரெனக் கடுமையான தலைவலி வந்தாலோ, ஒரு பக்கம் கை கால் செயலிழந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பூண்டு சமையலில் சேரட்டும், தடையில்லை. பூண்டுச் சத்தை அடர்த்தியாக்கிய மாத்திரை கசிவைக் கூட்டக் கூடும், அது வேண்டாம். வயிற்று எரிச்சலுக்கு ஒமெப்ரஸோல் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது குளோபிடோகிரெலின் வேலையைக் குறைக்கிறது. பான்டோப்ரஸோல் போன்ற வேறு மருந்தை மருத்துவர் எழுதிக் கொடுப்பார். பல்லைப் பொறுத்தவரை, தள்ளிப்போட முடியுமானால் தள்ளிப்போடலாம். முடியாதென்றால் மாத்திரைகளை நிறுத்தாமலேயே ஒரு பல்லைப் பிடுங்கி, அந்த இடத்தை அழுத்திக் கட்டி இரத்தத்தை நிறுத்தப் பல் மருத்துவர்களுக்குத் தெரியும். ஸ்டென்ட் வைத்திருப்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: உடம்பில் எதையும் விட்டுவைக்காமல் அடைப்பை நீக்க வழியே இல்லையா? (கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்)

பதில்: இருக்கிறது, தம்பி. மருந்து பூசிய பலூன் என்று ஒன்று உண்டு. அடைப்பை விரித்து, ஏறத்தாழ ஒரு நிமிடம் குழாயின் சுவரோடு அழுந்தியிருந்து மருந்தை அங்கே பதியவைத்துவிட்டு வெளியே வந்துவிடும். கரையும் ஸ்டென்ட்டை நாடியவர்கள் எதை விரும்பினார்களோ அதைக் குறிப்பிட்ட சிலருக்கு இது எளிய வழியில் கொடுக்கிறது. முன்பு வைத்த ஸ்டென்ட்டுக்குள் மறுபடியும் அடைத்துக்கொண்டவர்களுக்கும், மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்த குழாய் உள்ளவர்களுக்கும் இது பயன்படுகிறது. 2018இல் வெளியான ஆய்வில், 758 பேரின் சிறு குழாய்களில் இது மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்குச் சளைத்ததில்லை என்று தெரிந்தது. ஆனால் விரித்தவுடன் குழாய் மீண்டும் சுருங்கினாலோ சுவர் பெரிதாகக் கிழிந்தாலோ ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டும். அதைப் படுக்கையருகில் நின்று திரையைப் பார்க்கும் மருத்துவர்தான் அந்த நேரத்தில் முடிவு செய்ய முடியும்.

கேள்வி: அம்மாவுக்கு ஸ்டென்ட் வைக்கப் பணம் போதவில்லை. உதவி கிடைக்குமா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்குக் கட்டணம் குறைவு, ஸ்டென்ட்டுக்கெனத் தனியே செலுத்தச் சொன்னால், அதே மருத்துவமனையிலுள்ள மருத்துவச் சமூகப் பணிப் பிரிவை அணுகுங்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்துச் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு அவர்களே வழிகாட்டுவார்கள். ஊழியர் சேமநிதியில், நீங்கள் உறுப்பினராக இருந்தால், கடும் நோய்ச் சிகிச்சைக்காக அம்மாவின் பெயரில் உங்கள் செஜாத்தெரா கணக்கிலிருந்து பணம் எடுக்க விண்ணப்பிக்கலாம். அம்மாவின் அடையாள அட்டை, உங்கள் பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, சிகிச்சை தேவை என்று மருத்துவர் எழுதிய கடிதம் ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பில் எடுத்துச் செல்லுங்கள். ஒரு தாள் குறைந்தாலும் ஈப்போவுக்கு மறுபடி 30 கிலோமீட்டர் போய்வர வேண்டியிருக்கும். தேதி கொடுத்துவிட்டார்கள் என்றால், பணம் வந்து சேரவில்லை என்பதற்காக அதைத் தவறவிடாமல், முதல் நாளே அந்தப் பிரிவுக்குத் தொலைபேசியில் நிலைமையைச் சொல்லிவிடுங்கள்.